பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

அன்புள்ள அண்ணாவுக்கு,

ராத்திரி இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. உனக்கு அங்கே விடிந்திருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு தப்பென்றால் காலையில் எழுந்ததும் படி. பல் தேய்த்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதே. நீ சௌக்கியமா? அண்ணியின் முதுகுவலி தேவலையா? இங்கே நான், அவர், பாப்பா, அத்தை நாலு பேரும் இன்றைய தேதி வரைக்கும் நலம். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் என்ன நிலவரம் என்பதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். ஃபோனில் சொன்னால் நீ சிரிப்பாய். பாப்பா பட்டனை விழுங்கிவிட்டாள் என்று நான் அழுதபோதும் சிரித்தாய். (பட்டன் சோபாவுக்கு அடியில் கிடைத்தது என்பது வேறு விஷயம். நீ சிரித்த நிமிஷத்தில் அது கிடைத்திருக்கவில்லை.) எழுதினால் நீ சிரிப்பது எனக்குக் கேட்காது.

விஷயம் இதுதான். உன் மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை நம் காரை எடுத்துக்கொண்டு போய் ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறார். நம் கார் என்றால் நீ ஊரை விட்டுப் போகும்போது எங்களிடம் கொடுத்துவிட்டுப் போன அதே சின்னச் சிவப்புக் கார்தான். மேட்டில் ஏறும்போது ஏ.சி.யை அணைத்து அதற்குக் கொஞ்சம் கைகொடுக்க வேண்டுமே, அந்தக் கார். பின்கண்ணாடியில் 'உள்ளே குழந்தை இருக்கிறது' என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய கார். இதற்கு 'டிராக் டே' என்று பெயராம். பந்தயம் ஓட்டுகிற தடத்தை ஒரு நாள் திறந்துவிடுவார்களாம், ஆசைப்பட்டவர்கள் எல்லாம் அவரவர் வீட்டுக் காரைக் கொண்டுபோய் முடிந்த மட்டும் வேகமாகச் சுற்றலாமாம். நான் கேட்டபோது அவர் எவ்வளவு பொறுமையாக விளக்கினார் தெரியுமா, கோபம் வந்ததே அந்தப் பொறுமையால்தான்.

"போட்டி இல்லம்மா இது. யாரும் ஜெயிக்கப் போறதில்ல, யாரும் தோக்கப் போறதில்ல. எதிர்ல வண்டி வராது, குறுக்க ஆள் வராது, நாய் வராது. பாத்தா ரோட்டை விட அதுதான் பாதுகாப்பு."

"அவ்வளவு பாதுகாப்புன்னா அங்க எதுக்குங்க ஆம்புலன்ஸ் நிறுத்தி வெச்சிருக்காங்க?"

"அதுவும் பாதுகாப்புக்குத்தான்."

இந்த மனிதரோடு எப்படிப் பேசுவது சொல். இதற்கெல்லாம் மூல காரணம் யார் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் ஆபீசில் 'பிஸ்டன்' என்று ஒருவன் இருக்கிறான், கார் பைத்தியம், அவன்தான் பெயர் கொடுக்க வைத்தது. ஆனால் விதை போட்டது நீ. அவர் பிறந்தநாளுக்கு வீடியோவில் கூப்பிட்டாயே, அப்போது, "மாப்பிள்ளை, அந்த வண்டியைக் குறைச்சு எடை போடாதீங்க, நல்ல வளைவா ஒண்ணு கெடைச்சா விட்டுப் பாருங்க, ஒட்டிக்கிட்டுப் போகும்" என்று சொன்னாய். நீ சொல்லிவிட்டு டாட்டா காட்டிப் போய்விட்டாய். அவர் அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தார். நான்தான் மக்கு, கேக் பிடித்துப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து இந்த வீடு வீடாக இல்லை. முதலில் காரைக் காலி பண்ண வேண்டும் என்று டிராக்காரர்கள் எழுதியிருந்தார்கள். உள்ளே கட்டாமல் கிடக்கிற எதுவும் இருக்கக் கூடாதாம், வேகமாகத் திரும்பும்போது பறந்து வந்து தலையில் அடிக்குமாம். நம் காரில் கட்டாமல் கிடக்காத பொருள் எது? சீட்டுக்கு அடியிலிருந்து ஒற்றை சாக்ஸ் வந்தது, கிலுகிலுப்பை வந்தது, கல்லாகிப்போன பிஸ்கட் வந்தது, காணோம் காணோம் என்று தேடி இரண்டாவது ஒன்று வாங்கினோமே அந்த ஜுரம் பார்க்கும் கருவி வந்தது, அதற்குப் பக்கத்திலேயே அந்த இரண்டாவதும் வந்தது. அப்புறம் பாப்பாவின் சீட்டைக் கழற்றினார். அண்ணா, அதைக் கழற்றியதும் பின் சீட்டில் வெறும் பெல்ட் இரண்டு தொங்கியதை இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தச் சீட்டை ஹாலில் கொண்டுவந்து வைத்தார். இப்போது பாப்பா அதில் உட்கார்ந்தால்தான் சாப்பிடுகிறாள், பெல்ட்டும் போட்டுவிட வேண்டும், போடாவிட்டால் வாயைத் திறப்பதில்லை.

மெக்கானிக்கிடம் நானும் கூடப் போனேன். எப்படியாவது அவர் வாயிலிருந்து 'இந்த வண்டி தாங்காது சார்' என்று ஒரு வார்த்தை வரவழைத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. அவரோ வண்டியை மேலே தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "யாரு சார் வெச்சிருந்தது, குழந்தை மாதிரி பாத்திருக்காங்க" என்றார். அது உனக்கான பாராட்டு, வாங்கிக்கொள். எனக்குத்தான் அழுகை வந்தது. பிரேக் ஆயிலை மாற்ற வேண்டும் என்றார், டிராக்கில் பிரேக்கை மறுபடி மறுபடி அழுத்தினால் பழைய ஆயில் சூட்டில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடுமாம், வண்டி நிற்காதாம். இதை அவர் டீ குடித்துக்கொண்டே சொன்னார். பழைய ஆயில் வெளியே வந்தபோது அந்த டீயை விடக் கறுப்பாக இருந்தது. இதை வைத்துக்கொண்டா நாங்கள் இத்தனை மாதமாகப் பாப்பாவை ஊசி போட அழைத்துக்கொண்டு போனோம்? ஞாயிற்றுக்கிழமையை நினைத்து மட்டும் பயந்துகொண்டிருந்தவள் அன்றிலிருந்து போன வருஷத்தையும் நினைத்துப் பயப்படுகிறேன். பிரேக் பேட் புதிதாகப் போட்டார், டயர் பார்த்தார், வீல் நட்டுகளை ஒரு நீளமான ஸ்பேனரால் முறுக்கிப் பார்த்தார். கடைசியில் கால்மிதியை எல்லாம் எடுக்கச் சொன்னார், நழுவிப் போய் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளுமாம். ஓட்டுகிறவர் பக்கத்து மிதி புதுசு மாதிரி இருந்தது. என் பக்கத்து மிதியை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். வலது கால் வைக்கிற இடத்தில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக எங்களைப் பார்த்தார்.

"சார், இந்த வண்டியில அந்தப் பக்கமும் பெடல் இருக்கா?"

உன் மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இருக்கு பாஸ். என்னுதை விட அதுதான் முதல்ல வேலை செய்யும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒவ்வொரு சிக்னலிலும், ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும் நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து மிதித்ததால்தான் இந்தக் குடும்பம் முழுசாக இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

வண்டி தயாராகிவிட்டது என்றால் மனிதர் தயாராக வேண்டுமாம். ஹெல்மெட் வாங்கி வந்தார். கழுத்துக்குப் பழக வேண்டும் என்று அதை மாட்டிக்கொண்டே பாப்பாவுக்குச் சோறு ஊட்டினார். முதல் நாள் அவள் வீறிட்டு அழுதாள். இரண்டாம் நாள் கண்ணாடியை ஸ்பூனால் தட்டினாள். இப்போது ஹெல்மெட் இல்லாமல் அப்பா எதிரே வந்தால் யாரோ அந்நியனைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள். அப்புறம், வளைவில் பார்வை எப்போதும் தூரத்தில் இருக்க வேண்டுமாம், போக வேண்டிய இடத்தைத்தான் பார்க்க வேண்டுமாம், முன்னால் இருப்பதைப் பார்க்கக் கூடாதாம். அதை வீட்டுக்குள்ளேயே பழகுகிறார். சமையலறையிலிருந்து படுக்கையறைக்குத் திரும்பும்போது கதவையே பார்த்துக்கொண்டு போகிறார், வழியில் கிடக்கிற மர யானையைப் பார்ப்பதில்லை. இடது கால் கட்டைவிரல் நீலமாகிவிட்டது. "வீட்டுக்குள்ளயே ஒழுங்கா திரும்பத் தெரியல, அங்க போய் என்னத்தைங்க திரும்பப் போறீங்க?" என்றேன். "டிராக்குல யானை கெடக்காதும்மா" என்றார்.

இதில் அத்தையும் அவர் கட்சி. டிராக்கில் நிறக்கொடி காட்டுவார்களாம், மஞ்சள் என்றால் ஆபத்து, மெதுவாகப் போ. சிவப்பு என்றால் எல்லோரும் சுற்றுவதை நிறுத்தி உள்ளே வர வேண்டும். பச்சை என்றால் தடை நீங்கியது, போகலாம். கறுப்பு என்றால் உன்னைத்தான், உள்ளே வந்து பதில் சொல். அதைப் படமாகப் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினார். நான் மனப்பாடம் பண்ணுவதற்குள் அத்தை பண்ணிவிட்டார்கள். பாப்பா பாலைக் கவிழ்த்தால் மஞ்சள் துண்டை வீசுகிறார்கள், "மெதுவா வாம்மா, வழுக்கும்!" என்கிறார்கள். "ஏன் அத்தை, உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டால், "இவன் சின்ன வயசுல சைக்கிள்லயே மெதுவாத்தான் போவான், பின்னாடி வர்ற பொம்பளைங்கல்லாம் தாண்டிப் போயிடுவாங்க. ஒரு நாள் போயிட்டுத்தான் வரட்டுமே" என்கிறார்கள். பெற்ற வயிறு அது. கல்யாணம் பண்ணிக்கொண்ட வயிறு வேறு மாதிரி எரியும் போலிருக்கிறது.

இன்ஷூரன்ஸ் பாலிசியை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். பந்தயத் தடத்தில் நடப்பது எதற்கும் அவர்கள் பொறுப்பில்லையாம். டிராக்காரர்களும் தாங்கள் பொறுப்பில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பிஸ்டன் எதற்கும் பொறுப்பில்லை என்பது அவன் மூஞ்சியிலேயே தெரியும். அப்படியென்றால் யார்தான் பொறுப்பு? 'அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்' என்ற இடத்தில் அவர் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து என் ஃபோனை நான் சார்ஜரை விட்டுப் பிரிப்பதே இல்லை. நான் புள்ளியியல் படித்தவள், எதற்கும் ஒரு கணக்கு கிடைத்தால் மனசு ஆறிவிடும். இந்த மாதிரி நாட்களில் எத்தனை பேருக்கு என்ன ஆகிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன், எங்கேயும் உருப்படியான கணக்கு இல்லை. கணக்கே வைக்காத அளவுக்கு ஒன்றும் ஆவதில்லையா, இல்லை கணக்கு வைக்க ஆளே மிஞ்சுவதில்லையா?

முந்தாநாள் பொறுக்க முடியாமல் என் கறுப்பு டிஷர்ட்டை எடுத்து அவர் முன்னால் வீசினேன். கறுப்புக் கொடி. சட்டத்தை மதிக்கிற மனிதர், ஹெல்மெட்டோடு வந்து சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சொல்லும்மா. கறுப்புன்னா என்ன தப்புன்னு சொல்லணும்."

நான் பெரிதாகத் தயார் பண்ணி வைத்திருந்தேன் அண்ணா, இன்ஷூரன்ஸ், பாப்பா, அத்தையின் பிபி என்று வரிசையாக. வாயைத் திறந்தால், "எனக்குப் பயமா இருக்குங்க," அவ்வளவுதான் வந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றினார். தலைமுடி எல்லாம் ஈரமாக ஒட்டிக்கிடந்தது. "எனக்கும்தாம்மா" என்றார்.

"அப்புறம் எதுக்குப் போறீங்க?"

"பாப்பா பொறந்ததுலேர்ந்து எல்லாத்தையும் மெதுவாவே பண்றேன். கதவை மெதுவா சாத்துறேன், இருமலைக்கூட முழுங்குறேன். வண்டியை ஓட்டுறேனா தொட்டில் ஆட்டுறேனான்னு எனக்கே தெரியல. ஒரு நாள், ஒரே ஒரு நாள், எதையாவது முழுசா மிதிச்சுப் பாக்கணும் போல இருக்கு."

நான் டிஷர்ட்டை மடித்து வைத்துவிட்டேன். அவர் கேட்டது தப்பே இல்லை என்று தெரிகிறது, அது இன்னும் பயமாக இருக்கிறது. தப்பாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒரு வேளை அந்த வளைவில் ஏதாவது ஆகிவிட்டால், மெதுவாகக் கதவு சாத்துகிற ஒரு மனுஷனுக்கு நான் எங்கே போவேன்? பாப்பா இப்போதுதான் 'ப்பா' என்கிறாள். என்னை இன்னும் ஒன்றுமே சொல்லிக் கூப்பிடவில்லை.

அதனால் அண்ணா, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நாளைக்குப் புதியவர்களுக்குப் பயிற்சி இருக்கிறதாம், ஒரு காலி மைதானத்தில். நானும் போகிறேன். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தால் கொஞ்சமாவது அடக்கி ஓட்டுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமையைத் தடுக்க உன்னால்தான் முடியும். நீ ஒரு வார்த்தை சொல்லித்தான் இதெல்லாம் ஆரம்பித்தது, இன்னொரு வார்த்தை சொல்லி முடித்து வை. அவரைக் கூப்பிட்டு, "வண்டி நான் கொடுத்தது, டிராக்குக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல். நீ சொன்னால் மறு பேச்சு பேச மாட்டார். நான் எழுதினேன் என்று மட்டும் மூச்சு விடாதே. அம்மாவிடமும் சொல்லாதே, கிளம்பி வந்துவிடுவாள்.

அண்ணிக்கு என் அன்பு. கனமான எதையும் தூக்க விடாதே. பாப்பா உன் ஃபோட்டோவுக்குத் தினமும் முத்தம் கொடுக்கிறாள், கண்ணாடி முழுக்க எச்சில். நீங்கள் இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்காகவும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் பயந்தாங்கொள்ளித் தங்கை

பின்குறிப்பு: இது மறுநாள் சாயங்காலம். நேற்று அனுப்பப் போகும் நேரத்தில் பாப்பா எழுந்து அழுதாள், அவளைத் தூங்க வைக்கப் போய் நானும் தூங்கிவிட்டேன். இவ்வளவு எழுதியதை அழிக்க மனசு வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். ஆனால் தயவுசெய்து அவரைக் கூப்பிடாதே. இதுவரை படிப்பதற்குள் கூப்பிட்டுவிட்டிருந்தால், காய்ச்சலில் ஏதோ உளறிவிட்டேன் என்று சொல்லி ஃபோனை வைத்துவிடு.

பயிற்சிக்குப் போனோம். சொல்லிக் கொடுப்பவர் ஒரு பெண், அம்மா வயது இருக்கும், கையில் விசில், யாரிடமும் சிரிக்கவில்லை. ரோட்டில் வழிமறிக்க வைப்பார்களே, அந்த மாதிரி பிளாஸ்டிக் கூம்பு ஒன்றை நடுவில் வைத்திருந்தார், ஓரத்தில் இன்னும் சில. நல்ல வேகத்தில் வர வேண்டும், கூம்பு நெருங்கும்போது பிரேக்கை ஒரே மிதியாக மிதித்து, அதைத் தொடாமல் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் பாடம். உன் மாப்பிள்ளை வேகமாகத்தான் வந்தார். கூம்பு வந்தது. பின்னால் பாப்பா தூங்குகிறாள் என்கிற மாதிரி, பூவை வைப்பது போல் காலை வைத்தார். வண்டி நிதானமாக, மரியாதையாக, கூம்பின் மேல் ஏறி நின்றது. மறுபடி வந்தார், மறுபடி ஏறினார். மூன்றாவது கூம்பும் சப்பையானதும் அந்த அம்மா ஜன்னலில் குனிந்து, "சார், பெடலுக்குக் கீழ முட்டை ஏதும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். "பின்னாடி பாப்பா தூங்கும் மேடம், பழகிப்போச்சு" என்று இவர் சொல்ல, அந்த அம்மா காலியான பின் சீட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், அப்புறம் என் காலைப் பார்த்தார். நான் இன்னும் மிதித்தபடியே இருந்தேன், இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, மூட்டு வெளுத்துப்போக.

"மேடம், நீங்க எங்க மிதிச்சீங்க?"

"கூம்பு வர்றதுக்கு முன்னாடியே, மேடம்."

"இறங்கி இந்தப் பக்கம் வாங்க."

எனக்கு ஓட்டத் தெரியும், மார்க்கெட்டுக்குப் போவேன், அவ்வளவுதான் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அவரை என் சீட்டில் உட்கார வைத்தார். நான் அழுதுகொண்டேதான் வண்டியை எடுத்தேன், அண்ணா, சத்தியமாக. வேகம் ஏறியது, கூம்பு என்னைப் பார்த்து ஓடி வந்தது, அப்புறம் இத்தனை வருஷமாக ஓட்டை மிதியில் மிதித்ததையெல்லாம் சேர்த்து ஒரே மிதி. இந்தப் பக்கம் நிஜமாகவே ஒரு பெடல் இருந்தது! காலுக்கு அடியில் தடதடவென்று அதிர்ந்தது, பெல்ட் நெஞ்சில் இறுகியது, வண்டி நின்றது. கூம்பு நிமிர்ந்து நின்றது, ஒரு சாண் தள்ளி. அந்த அம்மா விசிலை வாயிலிருந்து எடுத்து, பெயர் எழுதுகிற பையனிடம், "ஞாயித்துக்கிழமைக்கு இவங்க பேரைப் போடுங்க. சாரை அன்னிக்குக் காலையில மறுபடி ஓட்ட வெச்சுப் பாக்கலாம்" என்றார்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே. எழுத்தைத் திருத்தித் திருத்தித்தான் இதை அடிக்கிறேன். ஆனால் எனக்குப் போக வேண்டும். அவர் மைதானத்தில் கை தட்டினார், பாவம், நிஜமாகவே சந்தோஷமாகத்தான் தட்டினார். வீட்டுக்கு நான்தான் ஓட்டி வந்தேன். இரண்டாவது சிக்னலில் திரும்பிப் பார்த்தால் அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்து இன்ஷூரன்ஸ் பாலிசியை மடியில் வைத்துப் படிக்கிறார். "பாப்பாவுக்கு அம்மா வேணாமா?" என்று கேட்டார். "எதிர்ல வண்டி வராதுங்க, நாய் வராது" என்றேன். சற்று முன் மேஜை மேல் கிடந்த என் டிஷர்ட்டை எடுத்து வீசிப் பார்த்தார். அத்தை பச்சைத் துண்டை வீசி அதை ரத்து பண்ணிவிட்டார்கள். இப்போது உள் அறையில் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு எதையோ நீளமாக அடித்துக்கொண்டிருக்கிறார். அது உனக்குத்தான் வரும் என்று நினைக்கிறேன். அதில் அவர் கெஞ்சியிருப்பதற்கெல்லாம் நீ மசிந்துவிடாதே.

எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். முழுசாக பிரேக் மிதிக்கும்போது வண்டி லேசாக இடது பக்கம் இழுக்கிறது. உன் காலத்திலும் அப்படித்தானா, இல்லை புதிதாக வந்ததா? ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும், அண்ணா. சீக்கிரம் பதில் போடு.